ஒரு ஓட்டில் தோற்ற உன் மாமா

தம்பி,

போன வாரம் நீ சார்ஜாவிலிருந்து பேசியபோது ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. உன் அய்யா பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்படி அந்தப் பேச்சைப் பேச எனக்கு வரவில்லை. "இந்தத் தடவ தேர்தல்ல நீ நிக்க வேண்டாம்மா. மாமா வீட்டுக்குப் போயி, நடந்தத மனசுல வச்சுக்காதீகன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரு. கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிரும்" என்று கெஞ்சினாய். நீ கேட்டதில் தப்பில்லை. ஆனால் நடந்தது என்ன என்று உனக்கே முழுசாகத் தெரியாது. நானும் உன் அய்யாவும் அதை உன்னிடம் உட்கார்ந்து சொன்னதே இல்லை. ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லக் கேட்டிருப்பாய். மாமா மகள் கௌசல்யாவுக்குத் தாலி கட்டுவதற்கு முன்னால் என் வாயிலிருந்து ஒரு தடவை நீ கேட்டுவிட வேண்டும். நான் என்ன முடிவு எடுத்திருக்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதை மட்டும் முதலில் படித்துவிடாதே.

போன தேர்தலுக்கு நம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று உன் அய்யா சாப்பிடவில்லை. ஒன்றியக் கவுன்சிலருக்கு நிற்க வேண்டும் என்று வருஷக்கணக்காக நினைத்திருந்தவர். கல்யாண வீடு, சாவு வீடு ஒன்று விடாமல் போய் முன்னால் நின்றதெல்லாம் அதற்காகத்தான். மறுநாள் காலையில் குமரய்யா மாமா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். உன் அத்தையைக் கட்டிய நாளிலிருந்து அவர்தான் நம் வீட்டுக்கு மூத்த ஆண்பிள்ளை மாதிரி. பக்கத்து நிலத்துக்காரன் நம் பனங்காட்டை வளைத்துப் போட்டபோது உன் அய்யாவோடு கோர்ட்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்து மீட்டுக் கொடுத்தவர். அந்த நன்றி உன் அய்யாவுக்கு இருந்தது, எனக்கும் இருந்தது. வாசலில் நின்றபடியே, "ஏன்டா மாப்ள, இதுக்குப் போயா சோறு திங்காமக் கெடக்குற? தங்கச்சிய நிப்பாட்டு. பேருதான அவ பேரு" என்றார். உன் அய்யா முகம் அப்போதுதான் மலர்ந்தது. நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து என்னிடம் கேட்பார்கள் என்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். யாரும் வரவில்லை. மதியம், போட்டோ எடுக்கச் சாயல்குடிக்குக் கிளம்பு என்றார்கள்.

பேர் மட்டும் என்னுடையது என்றாலும் ஓட்டுக் கேட்டு நடந்தது என் கால்கள்தான். இரண்டு கட்சிக்காரர்களும் வேறு ஆட்களை நிறுத்திவிட்டதால் நான் சுயேச்சை. ஓடைக்கு அந்தப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் தெரு இருக்கிறதே, அங்கே போகப் பாலம் கிடையாது. கோடையில் ஓடைக்குள் இறங்கி நடந்துவிடலாம். மாமா இறால் பண்ணைக்காக ஓடையை நெருக்கிக் கரை போட்டதிலிருந்து, மழை பெய்தால் தண்ணீர் கடலுக்கு வடியாமல் அங்கேயே தேங்கி நிற்கும். நான் போன அன்று இடுப்பளவு தண்ணீர். கூட வந்த ஆண்கள் கரையிலேயே நின்று, "இங்கன இருந்தே கும்பிட்டுட்டுப் போவோம்" என்றார்கள். என்ன தோன்றியதோ, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். அந்தக் கரையில் முத்துராக்கு என்று ஒருத்தி கை கொடுத்து ஏற்றிவிட்டாள். உப்பு வாரி வாரி அவள் விரல்கள் வெடித்திருந்தன. ஈரச் சேலையோடு அவள் வீட்டு வாசலில் நிற்கும்போது சொன்னாள்: "போன மழைக்கு எம் மருமகளக் கட்டுல்ல வச்சுத் தூக்கிட்டுப் போனோம். ஓடைக்குள்ளயே புள்ள பெறந்துருச்சு. தங்கல. உன்னய ஜெயிக்க வைக்கிறோம். பாலம் கட்டித் தாரியா?" நான் தருகிறேன் என்றேன். யாரையும் கேட்காமல், யாரும் சொல்லிக் கொடுக்காமல், நானாகச் சொன்ன முதல் வார்த்தை அது. அந்தத் தெரு ஓட்டு மொத்தமும் எனக்கு விழுந்தது. அதனால்தான் ஜெயித்தேன்.

ஜெயித்த பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. கவுன்சிலர்கள் எல்லாரும் கூடித்தான் ஒன்றியச் சேர்மனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாமாவும் அவருடைய வார்டில் ஜெயித்து, சேர்மன் நாற்காலிக்கு நின்றார். எதிர் அணியில் ஒரு வக்கீல் நின்றார். எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிசமம். மிச்சம் இருப்பது நான் ஒருத்தி. நம் வீட்டுக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது? உன் அய்யா அத்தை வீட்டுக்குப் போய், அக்காளும் மாமாவும் முன்னால் நிற்க, என் ஓட்டு மாமாவுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வந்த பிறகுகூட என்னிடம் அதை ஒரு செய்தியாகச் சொல்லவில்லை. நான் உன் அத்தையிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

பதவிப் பிரமாணம் எடுத்த அன்று ஆபீஸ் வாசலிலேயே வேன் நின்றது. "திருச்செந்தூர் போயிச் சாமி கும்பிட்டு வந்துருவோம் தங்கச்சி" என்றார் மாமா. மாற்றுச் சேலை எடுக்க வீட்டுக்குப் போக வேண்டுமே என்றேன். உன் அய்யா ஒரு பையைக் காட்டினார். என் சேலைகளை அவரே எடுத்து மடித்து வைத்திருந்தார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என் துணியை அவர் மடித்து நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வேனில் மாமா பக்கத்துக் கவுன்சிலர்கள் எல்லாரும் இருந்தார்கள். பெண் கவுன்சிலர்களின் வீட்டு ஆண்களும் இருந்தார்கள். ஏறி உட்கார்ந்த பிறகு உன் அய்யா, "போனக் குடு, சார்ஜ் போட்டுத் தாரேன்" என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நீ அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாய். உன்னை அத்தை வீட்டில் விட்டிருப்பதாக அப்போதுதான் சொன்னார். வேன் திருச்செந்தூர்ப் பக்கமே திரும்பவில்லை. மதுரையைத் தாண்டி, தேனியையும் தாண்டி, மலை ஏற ஆரம்பித்தது.

அது ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவில் ஒரு பங்களா. கேட்டைப் பூட்டிச் சாவியை மாமாவின் தம்பி வைத்துக்கொண்டார். எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேளாவேளைக்குக் கறியும் மீனும் வந்தது. குளிருக்குக் கம்பளி கொடுத்தார்கள். ஆனால் வராந்தாவை விட்டுக் கீழே இறங்கினால் யாராவது ஒருவர், "என்னக்கா, என்ன வேணும், நாங்க எடுத்துத் தாரோம்" என்று பின்னாலேயே வந்து நிற்பார். ஆண்கள் எதிர்க் கட்டடத்தில் சீட்டாடிக்கொண்டே எங்கள் வாசலைப் பார்த்தபடி இருப்பார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் உன் அய்யாவும் ஒருவர். உன்னோடு பேச வேண்டும் என்று தினமும் கேட்டேன். "அவன் நல்லாத்தான் இருக்கான். படிக்கிற புள்ளையத் தொந்தரவு பண்ணாத" என்பார். ஒரு நாள் மாமாவே வந்து, "உம் மகன் என் வீட்டுலதான தங்கச்சி இருக்கான். ராசா மாதிரி பாத்துக்கிறோம். நீ எதுக்குக் கவலப்படுற?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்னோடு ஒரே அறையில் இருந்தவர் ஜொகரா அக்கா. கடற்கரை ஊர்க் கவுன்சிலர், கணவரை இழந்தவர், மகன்கள் இரண்டு பேரும் சவுதியில். அவருடைய அண்ணன் மாமாவுக்கு வாக்குக் கொடுத்து அவரை வேனில் ஏற்றிவிட்டிருந்தார். தொழுது முடித்துப் பாயைச் சுருட்டிக்கொண்டே சொல்வார்: "ஏ புள்ள, நான் ஹஜ்ஜுக்குப் போனப்பக்கூட எங்கூட்டாளுக என்னய இம்புட்டுப் பத்திரமா பாத்துக்கல." சிரிப்போம். சிரித்து முடித்ததும் இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்போம். மழை பிடித்துக்கொண்டது. மலையில் மழை என்றால் கடலோரத்திலும் மழையாக இருக்கும் என்று எனக்கு ஓடை ஞாபகமாகவே இருந்தது. முத்துராக்குவிடம் சொன்னதை ஜொகரா அக்காவிடம் சொன்னேன். "சேர்மனாகப் போறவருட்டயே கேட்டுரு. மனசுக்குள்ள வச்சுக் குமையாத" என்றார்.

கேட்டேன். வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார் மாமா. "அண்ணே, நீங்க சேர்மன் ஆனா ஓடையில பாலம் கட்டித் தருவீகளா?" என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பாலம் கட்டணும்னா எங் கரைய உடைக்கணும் தங்கச்சி. உடைச்சா பண்ண போயிரும். உன் வீட்டுச் செவுத்த நீயே இடிப்பியா? வேற என்ன வேணும்னாலும் கேளு. ரோடு கேளு, லைட்டு கேளு. இத மட்டும் கேக்காத" என்றார். அவர் அன்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "பாத்துக்கிருவோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதை நம்பிக்கொண்டு அவருக்கே போட்டிருப்பேன். எனக்கும் அதுதான் வசதி. நேர்மையாகப் பதில் சொல்லி எனக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டார். உன் அய்யாவிடம் போய்ச் சொன்னேன். சீட்டை விட்டு எழுந்து வந்தார். "நீ எதுக்கு அந்தப் பேச்செல்லாம் பேசுற? ஓட்டப் போட்டமா, வீட்டுக்குப் போனமான்னு இரு" என்றார். மற்ற ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

தேர்தல் அன்று வேன் நேராக ஒன்றிய ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் இறக்கியது. போலீஸ் நின்றது. எதிர் அணிக் கவுன்சிலர்களும் இன்னொரு வேனில் வந்து இறங்கினார்கள். அவர்களும் எங்களைப் போலவே கசங்கிப்போய் இருந்தார்கள். அவர்களை எந்த ஊரில் பூட்டி வைத்திருந்தார்களோ. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஓட்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். மேஜைமேல் அட்டையால் ஒரு மறைப்பு வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் போய் நின்றபோது, இத்தனை நாளில் என்னை யாரும் பார்க்காத இடம் இது ஒன்றுதான் என்று தோன்றியது. மாமா நமக்காகக் கோர்ட்டுக்கு நடந்ததை நினைத்தேன். நீ அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பதை நினைத்தேன். அதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் வக்கீல் பேருக்கு நேரே முத்திரையை வைத்தேன். துணிச்சல் வந்து செய்தேன் என்று நினைத்துவிடாதே. முத்துராக்கு முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம், உன் அய்யா முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவ்வளவுதான்.

ஒரு ஓட்டில் மாமா தோற்றார். அதிகாரி வாசித்ததும் வெளியில் இருந்தவர்களெல்லாம் கூடத்துக்குள் வந்துவிட்டார்கள். என்மேல் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. சொந்தத் தங்கச்சி முறை, மாப்பிள்ளையின் பெண்டாட்டி, என்னை யார் சந்தேகப்படுவார்? மாமாவின் தம்பி நேரே ஜொகரா அக்காவிடம் போய், "இங்கன தின்னுபுட்டு அங்கன போட்டியா? எம்புட்டு வாங்குன?" என்று கையை ஓங்கினார். அக்கா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ் மேல சத்தியமா நான் இல்ல. நான் ஒங்களுக்குத்தான் போட்டேன்" என்று அழுதார். அவருடைய அண்ணனே அவரை நம்பவில்லை. "உண்மையச் சொல்லு" என்று தோளைப் பிடித்து உலுக்கினார். உன் அய்யாவும் சேர்ந்து, "நம்பி வேன்ல ஏத்துனதுக்கு நல்லாச் செஞ்சுட்ட" என்று கத்தினார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரிந்திருக்காது. அத்தை வழக்கம்போல வந்து போயிருப்பாள். உன் கல்யாணத்துக்கு ஒரு தடங்கலும் இருந்திருக்காது.

"அவுகள விடுங்க. நான்தான் போட்டேன்" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். உன் அய்யாவிடம் திரும்பி, "மாப்ள, இனிமே உன் வீட்ட நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். உன் அய்யா அவர் பின்னாலேயே ஓடினார். வேன் என்னை விட்டுவிட்டுக் கிளம்பியது. ஜொகரா அக்காதான் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கஞ்சி கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார். "எனக்காகச் சொன்னியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சொல்லாம இருந்துருக்கலாம் புள்ள. நான் ரெண்டு நாள் ஏச்சு வாங்கிட்டுப் போயிருப்பேன்" என்றார். வீட்டுக்கு வந்தால் பூட்டிக் கிடந்த கதவுக்கு முன்னால் நீ புத்தகப் பையோடு உட்கார்ந்திருந்தாய். "அத்த என்னய ஏம்மா போகச் சொல்லிருச்சு?" என்று கேட்டாய். சாவியைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அன்று கேட்டதற்கு இன்றுதான் பதில் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு உன் அய்யா என்னோடு பேசாத காலம் உனக்கே தெரியும். நீதான் நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னாய். "அய்யாட்ட சோறு ஆயிருச்சுன்னு சொல்லு", "அம்மாட்ட சட்டையத் தேச்சு வைக்கச் சொல்லு" என்று நாங்கள் இரண்டு பேரும் உன்னை அலைய விட்டோம். நீ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு சொல்லி அனுப்ப ஆள் இல்லாமல் போய்விட்டது. தட்டில் கை வைத்துவிட்டு, "கொழம்புல உப்பு இல்ல" என்றார். அவர் என்னோடு திரும்பப் பேசிய முதல் வார்த்தை. நான் உப்பை எடுத்து வைத்தேன்.

வக்கீல் பக்கம் போய் நான் சுகப்பட்டேன் என்று ஊரில் சொல்வார்கள். அதையும் கேள். சேர்மன் ஆன பிறகு அவர் கூட்டத்துக்குக் கூட்டம், "இவுக நம்ம ஆளு" என்று என்னைக் காட்டுவார். எதற்கெல்லாம் கை தூக்கச் சொல்கிறாரோ அதற்கெல்லாம் தூக்க வேண்டும். ஒரு கூட்டத்தில், ஜொகரா அக்கா ஊர் ஊருணிக் கரையில் குப்பை கொட்ட ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். நான் கை தூக்கவில்லை. "உங்க பாலம் ஃபைல் என் மேஜையிலதான இருக்கு, ஞாபகம் இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அதற்குப் பிறகும் தூக்கவில்லை. பாலம் அப்படியே கிடப்பில் போனது. ஒரு மழைக்காலம் போனது, இன்னொரு மழைக்காலமும் வந்தது. உப்பளத் தெருப் பெண்கள் வீட்டுக்கு வந்து, "எங்க பாலம் எங்க?" என்று கேட்டார்கள். என்ன சொல்வேன்? இந்தப் பக்கம் மாமா முகத்தில் முழிக்க முடியாது, அந்தப் பக்கம் வக்கீலிடம் போய்க் கேட்க முடியாது. வீட்டில் பேச ஆள் கிடையாது. பேர் மட்டும் கவுன்சிலர். அந்த மலைப் பங்களாவிலாவது கேட் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது.

முத்துராக்குதான், "வா, கலெக்டரப் பாப்போம்" என்றாள். திங்கள்கிழமை தோறும் இராமநாதபுரத்தில் மனு வாங்குவார்களே, அதற்கு அவளும் நானும் இன்னும் நாலைந்து பெண்களும் பஸ் ஏறுவோம். ஒரு நாள் உப்பளத்துக்குப் போகாவிட்டால் அவர்களுக்கு அன்றைய கூலி இல்லை. அப்படியும் வந்தார்கள். கலெக்டர் மாறினார், புதியவர் வந்தார், அவரிடமும் போய் முதலிலிருந்து சொன்னோம். கடைசியில் சர்வேயர் வந்து அளந்தார். மாமாவின் கரையில் ஒரு பகுதி ஓடைப் புறம்போக்கில் இருக்கிறது என்று வந்தது. அதை வெட்டினார்கள். அந்த மழைக்கு அவர் பண்ணையில் தண்ணீர் புகுந்து இறால் எல்லாம் போய்விட்டது. உன் அத்தை தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அவள் பண்ணை போனதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. இன்றைக்கும் இல்லை. என் பதவிக்காலம் முடிகிற சமயத்தில் பாலம் வந்தது. கல்வெட்டில் என் பேர் போடவில்லை. முதல் முதலாக அதன்மேல் ரேஷன் கடை வண்டி போனதை முத்துராக்குவோடு நின்று பார்த்தேன். நல்ல வார்த்தை ஏதாவது சொல்வாள் என்று இருந்தேன். "சரி, தெருவெளக்கு எப்ப?" என்றாள்.

போன வருஷம் உன் அய்யாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது, கட்டுப் போட்ட கண்ணோடு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு கேட்டார்: "முன்னாடியே எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?" எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. "சொல்லிருந்தா என்ன செஞ்சுருப்பீக?" என்றேன். "ஆபீசுக்கே கூட்டிட்டு வந்துருக்க மாட்டேன். உடம்பு சரியில்லன்னு சொல்லி ரூம்புல வச்சுப் பூட்டிருப்பேன்" என்றார். மறைக்காமல் சொன்னாரே என்று இருந்தது. போர்வையை இழுத்துவிட்டேன்.

இப்போது நீயும் கௌசல்யாவும். அத்தை வீட்டுக் கதவு நமக்குச் சாத்தியிருந்த காலத்திலும் நீங்கள் இரண்டு பேரும் எப்படியோ பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். அது தெரிந்தபோது நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன். மாமா ஒத்துக்கொண்டதும் மனசு நிறைந்துபோனது. நான் தேர்தலில் நிற்கக் கூடாது என்று அவர் போட்ட நிபந்தனை உனக்குத் தெரியும். அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. உன் அய்யாவிடம் சொல்லியிருக்கிறார். உன்னிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. நம் வார்டு இந்தத் தடவையும் பெண்களுக்குத்தான். கல்யாணம் முடிந்ததும் நம் வீட்டு மருமகள் என்று சொல்லிக் கௌசல்யாவை அதில் நிறுத்தப்போகிறார். நம் வீட்டுப் பேருக்கு விழுகிற ஓட்டு, உப்பளத் தெருவில் எனக்கு விழுகிற ஓட்டு எல்லாம் அவளுக்கு விழும். நீ லீவு முடிந்து சார்ஜா போய்விடுவாய். அவள் இங்கே இருப்பாள்.

நேற்று கௌசல்யா வந்தாள். இராமநாதபுரத்தில் எம்.ஏ. வகுப்பை முடித்துவிட்டு, அவள் வீட்டுக்குச் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறாள். உன் அய்யா அவளைப் பார்த்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் காராச்சேவு வாங்கக் கடைக்குப் போய்விட்டார். உட்கார்ந்ததும் கேட்டாள்: "அத்தே, அன்னைக்கு நீங்க வாயத் தொறக்கலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல?"

"தெரிஞ்சிருக்காது."

"எங்க வீட்டுல இத்தன வருசமா உங்கள ஏசிக்கிட்டேதான் இருக்காக. நான் அத மட்டும்தான் நெனச்சுக்கிட்டே இருப்பேன்." பிறகு, "எங்கய்யா கட்சி ஆபீஸ்ல எம் பேரக் குடுத்துட்டாரு. எங்கிட்டக் கேக்கல" என்றாள்.

"உனக்கு நிக்க ஆச இருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்வாள், அவளைக் காப்பாற்றி விடுவோம் என்றுதான் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இருக்கு அத்தே. ரொம்ப நாளா இருக்கு. ஆனா எங்கய்யாவுக்கு ஆளா நிக்கிறதுக்கு இல்ல. அதச் சொன்னா கல்யாணத்தையும் நிப்பாட்டிருவாரு, என்னையும் நிக்க விடமாட்டாரு. நீங்க எதுத்து நின்னா நான் தோத்துருவேன். நீங்க விலகிட்டா, எங்கய்யாவுக்குப் பயந்து விலகிட்டீகன்னு ஊரு சொல்லும். நான் என்ன அத்தே செய்ய?"

டீ போட்டுக் கொடுத்து, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் அனுப்பி வைத்தேன்.

தம்பி, இந்தத் தடவை நான் நிற்கவில்லை. நீ கேட்டதற்காக இல்லை; மாமா கேட்டதற்காகவும் இல்லை. அவளுக்கு ஆசை இருக்கிறது. எனக்கு அதைக் கெடுக்க மனசில்லை. ஆனால் இதை நான் வெளியில் சொல்ல முடியாது. சொன்னால் அன்றைக்கே மாமா காதுக்குப் போய், அவள் மாட்டிக்கொள்வாள். முத்துராக்கு அதற்குள் கேட்டுவிட்டாள்: "மகன் கல்யாணத்துக்காக எங்களக் கைகழுவிட்டியா?" நான் பேசாமல் நின்றேன். அவள் காறித் துப்பவில்லை, அவ்வளவுதான். இனி அந்தப் பாலத்தின்மேல் நான் நடந்து போனால் யாரும் கூப்பிட்டு உட்காரச் சொல்ல மாட்டார்கள். அதையும் வைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

மாமா வீட்டுக்குப் போவேன். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, மாப்பிள்ளையின் அம்மாவாகப் போவேன். அவர் நமக்குச் செய்ததை மறக்கவில்லை என்று சொல்வேன். அவருடைய பண்ணை போனது எனக்கும் வருத்தம் என்று சொல்வேன். ஆனால் நான் போட்ட ஓட்டைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அதற்காகக் கல்யாணம் நின்றால், நீ என்மேல் கோபப்பட்டுக்கொள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன்னிடம் எனக்கு ஒரே ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. கௌசல்யா ஜெயித்தால் அவளுக்கும் ஒரு வேன் வரும். மாமா அனுப்புவார், இல்லாவிட்டால் வேறு யாராவது அனுப்புவார்கள். அப்போது அவளுக்காக யாரும் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருக்கக் கூடாது. முக்கியமாக நீ. உன் அய்யா கெட்டவர் இல்லை. என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. அந்தப் பங்களாவில்கூட எனக்குக் குளிரும் என்று தன் கம்பளியையும் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் இத்தனை வருஷத்தில் "உனக்கு என்ன வேணும்?" என்று அவர் என்னிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இதைப் படித்து முடித்ததும் அவளுக்குப் போன் செய். உனக்கு நிற்க வேண்டுமா, யாருக்காக நிற்க வேண்டும், நான் என்ன செய்ய வேண்டும் என்று கேள். உன் அபிப்பிராயத்தை முதலில் சொல்லிவிடாதே. பயந்து பழகிய பிள்ளை, உடனே பதில் சொல்ல மாட்டாள். லைன் போய்விட்டதோ என்று உனக்குத் தோன்றும். போய்விட்டிருக்காது. அவள் பேசுகிற வரைக்கும் காத்திரு.

அம்மா